கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும்: மக்கள்தொகை எண்களை இடம் மாற்றும் கணக்கு



2014 ஏப்ரலில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஃபிளின்ட் நகரம் செலவைக் குறைப்பதற்காக டெட்ராய்ட்டிலிருந்து வந்துகொண்டிருந்த குடிநீரை நிறுத்திவிட்டு ஃபிளின்ட் ஆற்று நீருக்கு மாறியது. குழாய் அரிக்காமலிருக்க அந்த நீரில் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்த ஈயம் கரைந்து வீடுகளுக்குள் வந்தது. இது உங்களில் பலருக்குத் தெரிந்த செய்திதான். அதில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியிலிருந்து இன்று தொடங்குகிறேன்.

குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருக்கிறதா என்று மாநிலச் சுகாதாரத் துறை தன்னிடமிருந்த பதிவுகளைப் பார்த்தது. அந்தப் பதிவுகள் ஜிப் கோடு வாரியாக, அதாவது நம் ஊர் பின்கோடு போன்ற அஞ்சல் எண் வாரியாகத் தொகுக்கப்பட்டிருந்தன. ‘ஃபிளின்ட்’ என்று முடியும் முகவரிகளுக்கான ஜிப் கோடுகள் ஃபிளின்ட் நகர எல்லையோடு பொருந்துபவை அல்ல. அவை சுற்றுப்புற டவுன்ஷிப்புகளுக்குள்ளும் நீள்கின்றன. அந்த முகவரிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நகருக்கு வெளியே இருந்தவை. அந்த வீடுகளில் யாரும் ஆற்று நீரைக் குடிக்கவில்லை. அவர்களுடைய குழந்தைகளும் கணக்கில் சேர்ந்துகொண்டதால் நகரத்துக் குழந்தைகளிடம் ஏற்பட்ட உயர்வு நீர்த்துப்போய், வழக்கமான ஏற்ற இறக்கம்போலத் தெரிந்தது.

குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டீஷாவும் புவியியலாளர் ரிச்சர்ட் சாட்லரும் செய்தது இதுதான். ஒவ்வொரு குழந்தையின் முகவரியையும் வரைபடத்தில் புள்ளியாகக் குறித்தார்கள். நகர எல்லைக்கு உள்ளே இருப்பவர்களையும் வெளியே இருப்பவர்களையும் பிரித்தார்கள். நகருக்குள் இருந்த குழந்தைகளில் ரத்தத்தில் ஈய அளவு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தோரின் விகிதம் 2.4 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமாக ஏறியிருந்தது. 2015 செப்டம்பரில் இந்த முடிவுகள் வெளியிடப்பட்டன. அடுத்த மாதமே நகரம் டெட்ராய்ட் நீருக்குத் திரும்பியது.

ரத்தப் பரிசோதனை அதே வகைதான். குழந்தைகளும் அதே நகரத்துக் குழந்தைகள். எந்தக் கோட்டுக்குள் வைத்துக் கூட்டினார்கள் என்பதுதான் முக்கியமாக மாறியது. ஒரு கூட்டலில் ஆபத்து மறைந்திருந்தது, மற்றொரு கூட்டலில் அது வெளிப்பட்டது.

இதே கோட்டுச் சிக்கல் நிதி ஒதுக்கீட்டிலும் இருக்கிறது; நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுதான். அமெரிக்காவில் ஏழைப் பகுதிகளுக்கான பணத்தில் கணிசமான பங்கு, சென்சஸ் டிராக்ட் என்ற சிறு வட்டாரத்தின் புள்ளிவிவரத்தைப் பார்த்துத்தான் போகிறது. ஆனால் பணத்தைக் கேட்பவர்களும் கொடுப்பவர்களும் ஜிப் கோடு, நகரம், நம் ஊர் மாவட்டம் போன்ற கவுன்டி, பள்ளி மாவட்டம் என்று வேறு வேறு எல்லைகளில் நின்று பேசுகிறார்கள். ஆகவே டிராக்ட்டின் எண்ணை இன்னொரு எல்லைக்கு மாற்றும் வேலை நாள்தோறும் நடக்கிறது. இது வெறும் கணினி வேலை என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எண்ணை ஓர் எல்லையிலிருந்து இன்னோர் எல்லைக்குக் கொண்டுபோகிறவர், யார் யாரோடு சேர்ந்து ஏழையாகவோ பணக்காரராகவோ எண்ணப்பட வேண்டும் என்று தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானத்தைத் தெரிந்து எடுக்க வேண்டும்.

முதலில் டிராக்ட் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1906-இல் நியூயார்க் நகரத் தேவாலயக் கூட்டமைப்பில் பணியாற்றிய வால்டர் லெய்ட்லா என்பவர் ஒரு யோசனை சொன்னார். அதுவரை நகரத்தின் உட்பகுதிகளுக்கான மக்கள்தொகை எண்களைத் தேர்தல் தொகுதிகளின்படி பிரித்தார்கள். தொகுதிகளின் எல்லைகளோ மாறிக்கொண்டே இருந்தன. பத்தாண்டுக்கு முன் ஒரு தெருவில் எத்தனை பேர் இருந்தார்கள், இன்று எத்தனை பேர் என்று ஒப்பிடவே முடியவில்லை. நகரைச் சிறு சிறு நிலையான வட்டாரங்களாகப் பிரித்துவிட்டால் ஒப்பிடலாமே என்றார் அவர். 1910 கணக்கெடுப்பில் நியூயார்க், சிகாகோ, பாஸ்டன், கிளீவ்லாண்ட் உள்ளிட்ட 8 நகரங்களுக்கு அப்படியே எண்கள் தொகுக்கப்பட்டன. பிறகு அது மெல்ல மெல்ல நாடு முழுவதும் பரவியது. இன்று ஒரு டிராக்ட்டில் 1,200 முதல் 8,000 பேர்வரை இருக்கலாம், 4,000 பேர் இருந்தால் நல்லது என்பது விதி. 2020 கணக்கெடுப்பில் 84,000-க்கும் மேற்பட்ட டிராக்ட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் 11 இலக்க எண் உண்டு: மாநிலத்துக்கு 2, கவுன்டிக்கு 3, டிராக்ட்டுக்கு 6. மாறாத எல்லை வேண்டும் என்பதற்காகவே பிறந்தது இது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஜிப் கோடு பிறந்த காரணமே வேறு. 1963 ஜூலை 1 அன்று, கடிதங்களை விரைவாகப் பிரிப்பதற்காக அஞ்சல் துறை அதைக் கொண்டுவந்தது. அது அஞ்சல்காரர் போகும் வழிகளின் தொகுப்பு. நிலத்தில் கோடு கிழித்து வரைந்த பரப்பு அது இல்லை. ஒரே ஒரு பெரிய கட்டடத்துக்கு மட்டும் ஒரு ஜிப் கோடு இருக்கலாம். அஞ்சல் பெட்டிகளுக்கு மட்டுமே உரிய கோடுகளும் உண்டு. சில கோடுகள் மாநில எல்லையைத் தாண்டுகின்றன. அஞ்சல் துறைக்குத் தேவைப்படும்போது அவை மாறும். 2000-இலிருந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் ஜிப் கோடுகளை ஒட்டிய பரப்புகளைத் தோராயமாக வரைந்து வெளியிடுகிறது. அவையும் அஞ்சல் துறையின் உண்மையான ஜிப் கோடும் ஒன்றல்ல. பல அறிக்கைகளில் இரண்டையும் ஒன்றாகவே வைத்துப் பேசுவதைப் பார்க்கிறோம்.

அப்படியானால் ஜிப் கோடை ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? காரணம் நியாயமானதுதான். தன் டிராக்ட் எண் என்னவென்று எந்தக் குடும்பத்துக்கும் தெரியாது. ஜிப் கோடு எல்லாருக்கும் மனப்பாடம். மருத்துவமனைப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் படிவம், தொண்டு நிறுவனத்தின் பயனாளிகள் பட்டியல் என எல்லாவற்றிலும் அதுதான் இருக்கிறது. ஒரு சமுதாய மருத்துவமனை மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போது தன்னிடம் வரும் நோயாளிகளை ஜிப் கோடு வாரியாகத்தான் சொல்ல முடியும். எதிர்ப்பக்கத்தில் சட்டம் டிராக்ட்டைக் கேட்கிறது. குறைந்த வருமானத்தார் வாடகை வீடுகளுக்கான வரிச்சலுகைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு டிராக்ட்டின் குடும்பங்களில் பாதியாவது சுற்றுவட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் (குடும்பங்களைச் சரிபாதியாகப் பிரிக்கும் வருமானத்தில்) 60 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது வறுமை விகிதம் 25 சதவீதமாவது இருக்க வேண்டும். அப்போதுதான் கூடுதல் சலுகை. 1974-இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சி மானியத்தில், ஒரு வட்டாரம் முழுவதற்கும் பயன்படும் பணி என்றால், அங்கே வசிப்போரில் பொதுவாக 51 சதவீதம் பேர் குறைந்த அல்லது நடுத்தரத்துக்குக் கீழான வருமானம் உள்ளவர்களாக இருக்க வேண்டும். டிராக்ட்டுக்கும் உட்பட்ட சிறு பகுதிகள் வரை போய் அதைக் கணக்கிடுகிறார்கள்.

இனி மாற்றும் முறைக்கு வருவோம். ஒரு டிராக்ட் இரண்டு ஜிப் கோடுகளுக்கு நடுவே கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 1,000 குடும்பங்கள், 300 குடும்பங்கள் வறுமையில். அதன் நிலப்பரப்பில் 60 சதவீதம் முதல் ஜிப் கோட்டிலும் 40 சதவீதம் இரண்டாவதிலும் இருக்கிறது. பரப்பளவை வைத்துப் பிரித்தால் முதலாவதற்கு 180 ஏழைக் குடும்பங்கள், இரண்டாவதற்கு 120. ஆனால் முதல் பகுதியில் பெரும்பாலும் காடும் ஏரியும். அங்கே இருப்பவை 100 வீடுகள்தாம், மற்ற 900 வீடுகள் இரண்டாம் பகுதியில். வீடுகளை வைத்துப் பிரித்தால் 30, 270 என்று வரும். பரப்பளவுக் கணக்கு மரங்களுக்கும் தண்ணீருக்கும் வறுமையைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்குக்குத் தனி டிராக்ட்டே உண்டு. பூங்காக்கள், விமான நிலையங்கள் போன்றவற்றைத் தனியே பிரித்து வைப்பது ஓரளவு உதவுகிறது. ஆனால் மற்ற இடங்களில் வெற்று நிலமும் வீடுகளும் ஒரே டிராக்ட்டுக்குள்தான் கலந்து கிடக்கின்றன.

சரி, வீட்டுக் கணக்கு சரியாகிவிட்டதா? இல்லை. காட்டோரத்தில் இருக்கும் அந்த 100 வீடுகளில் 80 வீடுகள் சக்கரத்தின் மேல் நிற்கும் டிரெய்லர் வீடுகள், அவற்றில் இருப்பவர்கள் எல்லாருமே ஏழைகள், மற்ற 20 வீடுகளில் ஏழைகள் இல்லை என்றால், உண்மைக் கணக்கு 80, 220. நம் கணக்கோ 30 என்றது. வீட்டு எண்ணிக்கையை வைத்துப் பிரிக்கும்போது, டிராக்ட் முழுவதும் வறுமை ஒரே சீராகப் பரவியிருக்கிறது என்று சொல்லாமலே எடுத்துக்கொள்கிறோம். எந்த முறையாக இருந்தாலும் இப்படி ஏதாவது ஒன்றைச் சீராகப் பரவியதாக எடுத்துக்கொண்டே ஆக வேண்டும். எதைச் சீராக எடுத்துக்கொண்டோம் என்று எழுதிவைப்பது மாற்றுகிறவரின் கடமை.

அமெரிக்காவின் வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறை 2010-இலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் இணைப்பு அட்டவணையை வெளியிடுகிறது. ஒவ்வொரு டிராக்ட்டிலும் உள்ள முகவரிகளில் எத்தனை பங்கு எந்த ஜிப் கோட்டில் விழுகிறது என்று அது சொல்லும். அஞ்சல் துறையின் முகவரிப் பட்டியலிலிருந்தே தயாராவதால் மிக நல்ல அட்டவணை அது. இலவசமாகக் கிடைக்கிறது. அதில் நான்கு பங்கு வீதங்கள் இருக்கும்: குடியிருப்பு முகவரிகள், வணிக முகவரிகள், மற்றவை, மொத்தம். எதைக் கொண்டுபோகிறோமோ அதற்குரிய வீதத்தைத்தான் எடுக்க வேண்டும். குழந்தைகளுக்கான உணவுத் திட்டத்துக்குக் குடியிருப்பு வீதம். சிறு வணிகக் கடன் திட்டத்துக்கு வணிக வீதம். எல்லாவற்றுக்கும் மொத்த வீதத்தைப் போட்டுவிட்டால், அலுவலகங்கள் நிறைந்த நகர மையத்துக்கு, இல்லாத குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியேற்றியதாகிவிடும்.

இன்னொன்று, அட்டவணை இரண்டு திசைகளில் வருகிறது. டிராக்ட்டிலிருந்து ஜிப் கோட்டுக்குப் போகும் கோப்பில் ஒரு டிராக்ட்டின் பங்குகள் கூடினால் 1 வரும். ஜிப் கோட்டிலிருந்து டிராக்ட்டுக்கு வரும் கோப்பில் ஒரு ஜிப் கோட்டின் பங்குகள் கூடினால் 1 வரும். தலைப்புகள் ஒன்றுபோலவே இருக்கும். திசையை மாற்றிப் போட்டால் கணினி எந்தத் தவறையும் காட்டாது, விடை மட்டும் தவறாக வரும். வேலை முடிந்ததும் மாநிலத்தின் மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பது ஒன்றே இதற்குக் காவல். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் மொத்தம் ஒன்றாக இருக்க வேண்டும். மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இந்தக் கூட்டல்தான்.

கிராமப்புறத்தில் இன்னொரு சங்கடம். வீட்டுக்குத் தபால் வராத ஊர்கள் அங்கே இருக்கின்றன. எல்லாரும் அஞ்சல் நிலையப் பெட்டியில் போய் எடுத்துக்கொள்வார்கள். முகவரிப் பட்டியலில் அந்த மக்கள் இருப்பது பெட்டியாக, வீடாக இல்லை. வறுமை அதிகமுள்ள இடங்களில்தான் இந்த அட்டவணை வலு குறைகிறது என்பது எனக்குப் பெரும் கவலை. அங்கெல்லாம் கணக்கெடுப்பின் மிகச் சிறிய அலகான பிளாக்குகளிலிருந்து எண்ணித் தொகுப்பது நல்லது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2020 கணக்கெடுப்பில் தனிநபர்களின் அடையாளம் வெளியே தெரியாமலிருக்க, பிளாக் அளவிலான மக்கள் எண்ணிக்கையில் வேண்டுமென்றே சிறு மாற்றங்களைக் கலந்தார்கள். ஒரு பிளாக்கிலுள்ள வீடுகளின் எண்ணிக்கையை அப்படியே விட்டார்கள். ஆகவே பிளாக்குகளைக் கொண்டு எல்லை மாற்றும்போது, தலைகளைவிட வீடுகளை நம்புவது பாதுகாப்பு.

அடுத்ததாக, எந்த எண்ணை மாற்றலாம், எந்த எண்ணை மாற்றக் கூடாது என்ற கேள்வி. எண்ணிக்கையைப் பிரிக்கலாம், கூட்டலாம். விகிதத்தை அப்படிச் செய்யக் கூடாது. அதன் தொகுதியையும் பகுதியையும் தனித்தனியே கொண்டுபோய், போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி வகுக்க வேண்டும். இடைநிலை வருமானத்தின் கதை இன்னும் கடினம். ஒரு டிராக்ட்டின் இடைநிலைக் குடும்ப வருமானம் 30,000 டாலர், பக்கத்து டிராக்ட்டுக்கு 90,000 டாலர். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 60,000 என்று போடுகிறார்கள். அந்த இரண்டு டிராக்ட்டுகளிலும் 60,000 டாலர் வருமானமுள்ள குடும்பம் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். சரியான வழி, கணக்கெடுப்பு அலுவலகம் தரும் 16 வருமானப் படிகளில் எத்தனை எத்தனைக் குடும்பங்கள் என்ற எண்ணிக்கைகளைக் கொண்டுபோய், படி வாரியாகக் கூட்டி, புதிய எல்லைக்குள் இடைநிலையைப் புதிதாகக் கண்டுபிடிப்பது. வேலை கூடுதல்தான். ஆனால் அந்த எண்ணை வைத்து ஒரு குடும்பத்துக்கு வாடகை உதவி உண்டா இல்லையா என்று முடிவெடுக்கப் போகிறார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நிதித் திட்டங்கள் ஒரு வரம்பைப் போட்டு, அதற்கு மேல் இருந்தால் பணம், கீழே இருந்தால் இல்லை என்று வெட்டுகின்றன. வணிக முதலீட்டுக்கான புதிய சந்தை வரிச்சலுகைத் திட்டத்தில் வறுமை விகிதம் 20 சதவீதம் என்பது ஒரு வரம்பு. இரண்டு டிராக்ட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வறுமை 35 சதவீதம், மற்றதில் 5 சதவீதம். டிராக்ட்டாகப் பார்த்தால் முதலாவது தகுதி பெறும், இரண்டாவது பெறாது. இரண்டையும் ஒரு ஜிப் கோட்டில் சேர்த்துப் பார்ப்போம். ஏழை டிராக்ட்டில் 2,000 பேர், வசதியான டிராக்ட்டில் 3,000 பேர் என்றால், ஏழைகள் 700-உம் 150-உம் சேர்ந்து 850. 5,000 பேரில் 17 சதவீதம். ஜிப் கோடு தகுதி இழக்கிறது, 700 பேர் கணக்கிலிருந்தே காணாமல் போகிறார்கள். மக்கள்தொகையை மட்டும் மாற்றி, ஏழை டிராக்ட்டில் 3,000 பேர், மற்றதில் 2,000 பேர் என்றால், 1,150 பேர் ஏழைகள், 23 சதவீதம். இப்போது வசதியான டிராக்ட்டுக்கும் சேர்த்துப் பணம் வருகிறது. அந்தப் பணத்தை முதலீடு செய்கிறவர் எங்கே கொண்டுபோய்ப் போடுவார் என்று உங்களுக்கே தெரியும்.

எல்லை பெரிதாகப் பெரிதாக எண்ணின் குணமே மாறுகிறது என்பது புதிய செய்தி அல்ல. 1934-இல் கெல்கே, பீல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கிளீவ்லாண்ட் நகரின் 252 டிராக்ட்டுகளை எடுத்து, சிறார் குற்றத்துக்கும் வீட்டு வாடகைக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டார்கள். தொடர்பு மைனஸ் 0.502 என்று வந்தது. அதே டிராக்ட்டுகளை அக்கம்பக்கமாகச் சேர்த்துச் சேர்த்து 25 தொகுதிகளாக்கியபோது அது மைனஸ் 0.763 ஆகிவிட்டது. ஒரு சிறுவனும் கூடுதலாகக் குற்றம் செய்யவில்லை, ஒரு வீட்டின் வாடகையும் மாறவில்லை. கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டுக்கு முன் தெரிந்த இந்த உண்மை, இன்றைய நிதி விண்ணப்பங்களின் பின்னிணைப்புகளில் ஒரு வரியாகக்கூட இடம்பெறுவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

இதோடு பிழை வரம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிராக்ட் அளவிலான வறுமை எண், எல்லா வீடுகளையும் எண்ணி வந்ததன்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 35 லட்சம் முகவரிகளை மாதிரியாக எடுத்து, ஐந்தாண்டு விவரங்களைச் சேர்த்து வெளியிடும் அமெரிக்கச் சமுதாய ஆய்விலிருந்து அது வருகிறது. எண்ணுக்குப் பக்கத்திலேயே பிழை வரம்பையும் அச்சிடுகிறார்கள். சிறு டிராக்ட்டுகளில் அது பெரிதாகவே இருக்கும். 22 சதவீதம், கூடவோ குறையவோ 8 என்றால், 20 சதவீத வரம்பைத் தாண்டியிருக்கிறதா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பல டிராக்ட்டுகளைச் சேர்த்தால் பிழை சுருங்கும், அது சேர்ப்பதன் நன்மை. ஆனால் நடைமுறையில், மாற்றும்போது எண்ணை மட்டும் கொண்டுபோய்விட்டு, பிழை வரம்பைப் பழைய எல்லையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். பிறகு அந்த எண் அட்டவணையில் இரண்டு தசம இடங்களோடு துல்லியமாகத் தோற்றமளிக்கிறது. ஒரு சிறு ஊரின் பணம் அந்தத் தோற்றத்தை நம்பிப் போகிறது, அல்லது போகாமல் நிற்கிறது.

இனி காலம். மாறாத எல்லை வேண்டும் என்று லெய்ட்லா கேட்டார் என்றேன். மக்கள் மாறும்போது டிராக்ட்டும் மாறித்தான் ஆக வேண்டும். கூட்டம் பெருகினால் பிரிக்கிறார்கள், குறைந்தால் சேர்க்கிறார்கள், பத்தாண்டுக்கு ஒருமுறை. 2017 வரிச் சட்டத்தின்கீழ் ‘வாய்ப்பு மண்டலங்கள்’ என்று 8,764 டிராக்ட்டுகள் அறிவிக்கப்பட்டன. அங்கே முதலீடு செய்தால் வரிச்சலுகை. அந்தப் பட்டியல் 2010 எல்லைகளின்படி அமைந்தது. 2020-இல் புதிய எல்லைகள் வந்த பிறகும், மண்டலங்களின் எல்லை பழையதுதான் என்று அரசு அறிவித்தது. அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். பணம் போட்டவரின் காலடியில் கோடு நகரக் கூடாது. ஆனால் அதன் விளைவு என்ன? இன்று ஒருவர் தன் முகவரியைப் புதிய டிராக்ட் எண்ணோடு தேடினால், பழைய பட்டியலில் அந்த எண் இல்லாமல் போகலாம், அல்லது அதே எண் வேறு வடிவ நிலத்தைக் குறிக்கலாம். 2022-இல் வெள்ளை மாளிகையின் சுற்றுச்சூழல் அமைப்பு வெளியிட்ட, பின்தங்கிய சமுதாயங்களைக் காட்டும் வரைபடமும் 2010 டிராக்ட்டுகளையே பயன்படுத்தியது. ஆகவே டிராக்ட் எண்ணை எழுதும் இடத்தில் எல்லாம் அதன் ஆண்டையும் எழுத வேண்டும். ஆண்டில்லாத டிராக்ட் எண் பாதி எண்தான். பழைய எல்லையைப் புதியதற்கு மாற்ற மினசோட்டா பல்கலைக்கழகமும் பிரவுன் பல்கலைக்கழகமும் நல்ல இணைப்பு அட்டவணைகளைத் தருகின்றன. அவற்றைத் தேடிப் பயன்படுத்துங்கள்.

கனெக்டிகட் மாநிலத்தில் நடந்தது இன்னும் விசித்திரமானது. அங்கே கவுன்டி அரசுகள் 1960-இலேயே ஒழிக்கப்பட்டுவிட்டன. பெயருக்கு மட்டும் 8 கவுன்டிகள் இருந்தன. மாநிலத்தின் வேண்டுகோளை ஏற்று, 2022-இல் கணக்கெடுப்பு அலுவலகம் அவற்றுக்குப் பதிலாக 9 திட்டமிடல் பகுதிகளைக் கவுன்டிக்கு இணையான அலகுகளாக ஏற்றுக்கொண்டது. டிராக்ட்டுகளின் எல்லைக்கோடுகள் நகரவில்லை. ஆனால் 11 இலக்க எண்ணின் நடுவிலுள்ள மூன்று இலக்கங்கள் மாநிலம் முழுவதும் மாறிவிட்டன. பழைய பட்டியலையும் புதிய புள்ளிவிவரத்தையும் எண்ணை வைத்து இணைத்தால் கனெக்டிகட்டின் ஒரு டிராக்ட்டுகூடப் பொருந்தாது. பொருந்தாத இடத்தில் பூஜ்யத்தைப் போடும்படி நிரல் எழுதியிருந்தால், ஹார்ட்ஃபோர்டிலும் பிரிட்ஜ்போர்ட்டிலும் ஏழைகளே இல்லை என்று விடை வரும். அதே மாநிலத்தின் எண் 09 என்று தொடங்குவதால் இன்னொரு தொல்லையும் உண்டு. எக்செல் தாளில் திறந்தால் முன்னே நிற்கும் பூஜ்யம் விழுந்துவிடும், 11 இலக்கம் 10 ஆகும். அலபாமா, கலிஃபோர்னியா உட்பட 7 மாநிலங்களின் எண்கள் பூஜ்யத்தில்தான் தொடங்குகின்றன. சின்ன விஷயம், ஆனால் ஏறத்தாழ நான்கு கோடி மக்கள் வாழும் கலிஃபோர்னியாவையும் தொடும் சின்ன விஷயம்.

நம் ஊரில் இதற்கு இணை உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. 2011 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். பிறகு கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை என்று பிரிந்து இப்போது 38. தென்காசி மாவட்டத்துக்கென்று 2011 எண் எதுவும் வெளியாகவில்லை. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் வட்டங்களையும் கிராமங்களையும் எடுத்துத்தான் அதைக் கட்ட வேண்டும். வட்ட எல்லைகளும் இடையில் பிரிந்திருந்தால் கிராமம் வரைக்கும் இறங்க வேண்டும். நல்ல வேளையாக நம் கணக்கெடுப்பில் கிராம எண்களும் வார்டு எண்களும் இருக்கின்றன. அதைவிட்டுவிட்டு, திருநெல்வேலியின் எண்ணைப் பரப்பளவுப்படி வெட்டித் தென்காசிக்குப் போடுகிறவர்கள், முதலில் நாம் பார்த்த காட்டுக்கும் ஏரிக்கும் வறுமையைப் பங்கிட்டவரின் வேலையைத்தான் செய்கிறார்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்? என் எண்ணத்தைச் சொல்கிறேன். முடிந்த இடத்திலெல்லாம் டிராக்ட் எண்ணை ஜிப் கோட்டுக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். மனிதருடைய முகவரியை டிராக்ட்டுக்குக் கொண்டுபோங்கள். கணக்கெடுப்பு அலுவலகத்தின் இலவசக் கருவியில் ஒரே தடவையில் 10,000 முகவரிகளைக் கொடுத்தால், ஒவ்வொன்றும் எந்த டிராக்ட்டில் இருக்கிறது என்று சொல்லிவிடும். ஒரு மருத்துவமனையின் ஓராண்டு நோயாளிகள் பட்டியலுக்குச் சில தடவைகள் போதும். ஃபிளின்ட்டில் சாட்லர் செய்ததும் சாராம்சத்தில் இதேதான், புள்ளியை முதலில் குறிப்பது, கோட்டைப் பிறகு போடுவது.

இதற்கு ஓர் ஆட்சேபம் வரும், அது நியாயமான ஆட்சேபம்: முகவரி என்பது அந்தரங்கம், நோயாளியின் வீட்டை வெளியே அனுப்பலாமா? பெயரையும் நோயையும் சேர்த்து அனுப்பக் கூடாது என்பது சட்டமும் மனசாட்சியும் ஒன்றுபோலச் சொல்வது. முகவரியை மட்டும் தனியே அனுப்பி, டிராக்ட் எண்ணைப் பெற்று, பதிவேட்டில் எண்ணை வைத்துக்கொண்டு முகவரியை விலக்கிவிடலாம். அதற்கும் அனுமதியில்லாத நிறுவனங்கள், முகவரியை வெளியே விடாமல் தங்கள் கணினியிலேயே அந்தக் கணக்கைச் செய்யும் மென்பொருளை நிறுவ வேண்டும். ஜிப் கோடு மட்டுமே கிடைக்கும் பழைய பதிவுகளுக்கு இணைப்பு அட்டவணையைத்தான் நம்பியாக வேண்டும். அப்போது மாற்றிய எண்ணோடு எந்த வீதத்தைப் பயன்படுத்தினோம், எந்தக் காலாண்டு அட்டவணை, எந்த ஆண்டு டிராக்ட், பிழை வரம்பு எவ்வளவு என்ற நான்கையும் எழுதிக் கொடுங்கள். பணத்தைக் கொடுக்கும் அதிகாரிகள் அந்த நான்கும் இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

முடியாத காரியம் அல்ல என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். கிராமப்புறச் சுகாதார மானியங்களை ஒரு காலத்தில் கவுன்டியை வைத்தே பிரித்தார்கள். கவுன்டி பெருநகரப் பட்டியலில் இருந்தால் கிராமம் இல்லை என்று பொருள். கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ கவுன்டியைப் பாருங்கள். அதன் பரப்பு 20,000 சதுர மைலுக்கும் மேல். மேற்கு ஓரத்தில் லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய நெரிசலான நகரங்கள். கிழக்கு ஓரத்தில், பாலைவனம் தாண்டி, கொலராடோ ஆற்றங்கரையில் நீடில்ஸ் என்ற சிற்றூர், கவுன்டியின் தலைநகரிலிருந்து சாலை வழியே 300 கிலோமீட்டருக்கும் அப்பால். கவுன்டிக் கணக்கில் இரண்டும் ஒரே பெருநகரம். இப்படிப்பட்ட இடங்களுக்காகத்தான் 1990-களில் ஹெரால்ட் கோல்ட்ஸ்மித் என்ற ஆய்வாளர் பெரிய கவுன்டிகளுக்குள் டிராக்ட் வாரியாகக் கிராமப் பகுதிகளைக் கண்டறியும் முறையை வகுத்தார். பின்னர் மக்கள் வேலைக்கு எங்கே போய்வருகிறார்கள் என்பதை வைத்து டிராக்ட்டுகளுக்கு 1 முதல் 10 வரை எண் கொடுக்கும் முறை வந்தது. பெருநகரக் கவுன்டிக்குள் இருந்தாலும் 4 முதல் 10 வரை எண் பெற்ற டிராக்ட்டைக் கிராமம் என்று ஏற்கிறார்கள். எண் 2 அல்லது 3 ஆக இருந்தாலும், 400 சதுர மைலுக்குக் குறையாத பரப்பும் சதுர மைலுக்கு 35 பேருக்கு மேற்படாத நெருக்கமும் இருந்தால் அதையும் ஏற்கிறார்கள். விண்ணப்பிக்கிறவர் தன் கிளினிக்கின் முகவரியைத் தட்டினால் தகுதி உண்டா இல்லையா என்று சொல்லும் இணையப் பக்கமும் இருக்கிறது. வீட்டுவசதித் திட்டங்களுக்கும், ஊட்டச்சத்துத் திட்டங்களுக்கும், தொண்டு நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பணத்தில் நடத்தும் உதவிகளுக்கும் விண்ணப்பப் படிவத்தின் முதல் கேள்வியாக இந்த முகவரியையே வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.